விளையாட்டுப் பொறியும் வீட்டு அலையும்

"இணைப்பின் வேகம் போதாது" என்னும் குறை, அரிசி விலையைப் பற்றிய குறைக்கு அடுத்தபடியாக இக்காலத்தில் வீடுகளிற் கேட்கப்படுகின்றது. மாலை வேளையில் மகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, வெவ்வேறு ஊர்களிலுள்ள தோழர் நால்வரோடு இணையத்தின் வழியே பந்தாடுகின்றான். பந்து காலருகே வந்ததும் படம் உறைந்துபோகின்றது. அது மீண்டும் உயிர்பெறும்போது பந்து எதிரியின் காலில் இருக்கின்றது. மகன் தந்தையாரிடம் செல்கின்றான். "கூடிய வேகமுள்ள திட்டத்துக்கு மாற வேண்டும், அப்பா." தந்தையார் மாறுகின்றார். மாதக் கட்டணம் உயர்கின்றது. பந்து மட்டும் முன்போலவே எதிரியின் காலில் இருக்கின்றது.

இவ்வாறு பணம் செலவிட்டும் பயன் காணாத வீடுகள் பல. என்னிடம் பயிலும் மாணவர் சிலரும் அவர்தம் பெற்றாரும் இது பற்றி அடிக்கடி வினவுவதால், வீட்டில் விளையாட்டுப் பொறிக்குக் கம்பியில்லா இணைப்பு அமைக்கும் முறையை இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றேன். "ஆசிரியர் ஒருவர் விளையாட்டுக்கு வழி சொல்லிக் கொடுப்பதா?" என்று கேட்போரும் இருப்பர். விளையாடும் நேரத்தை வரையறுப்பது பெற்றார் கடமை. விளையாடும் நேரத்தில் அது செவ்வனே நடைபெறாமையால் வீட்டில் எழும் பூசலைத் தீர்ப்பதோ பௌதிகவியலின் பாற்படும்.

முதற்கண் ஓருண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். இணைய விளையாட்டுக்கு வேண்டுவது மிகுந்த கொள்ளளவன்று. செய்தி உரிய வேளையில் வந்து சேர்தலே. நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியையும், முன்னாளில் துவிச்சக்கரவண்டியில் விரைந்த தந்திச் சேவகனையும் எண்ணிப் பாருங்கள். வண்டி ஒரே தடவையில் முப்பது மூட்டை கொண்டுவரும். சேவகனின் பையில் இருப்பது ஒரு துண்டுக் கடிதம். எனினும் அவசரச் செய்தியை எவரும் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பியதில்லை. இணையத்திலே தெளிவான திரைப்படம் பார்ப்பது வண்டிப் பாரத்தை ஒத்தது. மணிக்கு ஏறக்குறைய 3 கிகாபைட் வந்து இறங்கும். விளையாட்டிலோ, திரையிற் காணும் படத்தைப் பொறி தானே வீட்டிலிருந்து வரைந்துகொள்கின்றது. "இடப்பக்கம் திரும்பினேன், பந்தை உதைத்தேன்" என்னும் சின்னஞ்சிறு கடிதங்களே செக்கனுக்குப் பல தடவை வெளியே போய் வருகின்றன. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு வேண்டிய தரவு, திரைப்படத்துக்கு வேண்டியதிற் பத்திலொரு பங்கைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. 20 மெகாபிட் இணைப்பு 100 மெகாபிட் ஆகுமிடத்து வண்டி பெரிதாகின்றதே யன்றிச் சேவகன் விரைவாக மிதிப்பதில்லை.

புதிய விளையாட்டொன்றை முதன்முறை இறக்கிக்கொள்ளும்போது மட்டும் இவ்வாதம் செல்லாது. இன்றைய விளையாட்டுகள் பல 50 முதல் 100 கிகாபைட் வரை பருமனுடையவை. அது மெய்யாகவே மூட்டை. அதனை எல்லாரும் உறங்கும் வேளையில் இறக்கிக்கொள்வது நன்று. உங்கள் திட்டத்தில் இரவுக்கு வேறு கணக்கு உண்டாயின் இரட்டை நன்மை.

இனித் தாமதத்தைக் கணக்கிடுவோம். ஒரு செக்கனை ஆயிரமாகப் பகுத்தால் வருவது மில்லிசெக்கன். பொறி ஒரு செக்கனில் 60 படம் காட்டுமாயின், ஒரு படம் திரையில் நிற்பது ஏறக்குறைய 17 மில்லிசெக்கன். ஒரு செய்தி போய் மீள 30 அல்லது 40 மில்லிசெக்கன் ஆகுமெனின் கை அதனை உணராது. 150ஐத் தாண்டினால் விரைவான ஆட்டங்களில் நன்றாக உணரும். அதனினும் கொடியது ஒழுங்கின்மை. ஒரு செய்தி 30 மில்லிசெக்கனிலும் அடுத்தது 200 மில்லிசெக்கனிலும் வருமாயின் ஆட்டம் இழுபறியாகின்றது. எப்போதும் 80 ஆக இருப்பதற்கு மனிதக் கை பழகிவிடும். நிலையில்லாத தாமதத்துக்கு எக் கையும் பழகாது.

இத் தாமதத்தின் ஒரு பகுதி இயற்கை விதித்தது. கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். தென்கிழக்காசியாவுக்கான சேவையகங்களைப் பல விளையாட்டு நிறுவனங்கள் சிங்கப்பூரில் வைத்திருக்கின்றன. கொழும்பிலிருந்து அந்நகர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். போய்வர 5,400, ஆகவே குறைந்தது 27 மில்லிசெக்கன். கடலடி வடம் நேர்க்கோட்டிற் கிடப்பதில்லை. இடையே நிலையங்களும் பலவுள. 2016ஆம் ஆண்டின் இறுதியிற் சேவைக்கு வந்த சீ-மீ-வீ 5 என்னும் பெருவடம், சிங்கப்பூரிலிருந்து பிரான்சு நோக்கிச் செல்லும் வழியில் நம் மாத்தறையிற் கரையேறுகின்றது. இத்தகைய வடங்களின் வழியே போய் மீள்வதற்கு மெய்யில் ஆகும் நேரம் 27இனும் கூடுதலாகவே இருக்கும். இதனைக் குறைக்க வீட்டிலுள்ளவர் செய்யத்தக்கது ஒன்றே: விளையாட்டில் பிராந்தியத்தைத் தெரிவு செய்யும் வசதி இருப்பின், அமெரிக்காவையோ ஐரோப்பாவையோ விடுத்து, மும்பாயையோ சிங்கப்பூரையோ தெரிந்துகொள்வது.

வியப்புக்குரிய செய்தி இனித்தான் வருகின்றது. கடலடியில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போய் மீளும் செய்தி, வீட்டின் முன்மண்டபத்திலிருந்து பின்னறைக்கு வரும்போது அதனிலும் அதிக நேரம் எடுத்துக்கொள்வதுண்டு. பத்து மீற்றர்த் தூரத்தில் 100 மில்லிசெக்கன் வீணாகும் வீடுகள் அரியனவல்ல. மேலதிகக் கட்டணம் பயனளிக்காதது இதனாலேயே. நோய் வீட்டினுள்ளே இருக்க, மருந்து வீதிக்கு ஊற்றப்படுகின்றது.

அந் நேரம் எங்கே செல்கின்றது? இதனை அறியப் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லல் வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியர் இருந்தார். கடலலையிற் சறுக்கி விளையாடுவதிற் பெருவிருப்புடையவர். வெவ்வேறு தீவுகளிலிருந்த பல்கலைக்கழகக் கிளைகளை ஒரு கணினியோடு வானொலி அலையால் இணைக்க அவரும் அவர்தம் குழுவினரும் முயன்று, 1971இல் அதனை இயக்கிக் காட்டினர். அவ்வமைப்புக்கு, அத்தீவு மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் 'அலோகா' என்னும் சொல்லையே பெயராக வைத்தனர். எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக இருந்தது ஒரே அலைவரிசை. அனுப்ப வேண்டியவர் அனுப்பிவிடுவார். இருவர் ஒரே கணத்தில் அனுப்பினால் இரண்டு செய்திகளும் மோதிச் சிதையும். இருவரும் வெவ்வேறு அளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவர். இம்முறை எளியது, ஆனால் வீண்செலவு மிக்கது. அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்கே உச்சமாகப் பயன்படும் என்பது கணிதத்தாற் பெறப்படுகின்றது. உயர்தரத்தில் நிகழ்தகவு பயிலும் மாணவர் இதனைத் தாமே நிறுவிப் பார்க்கலாம்.

நம் வீட்டு வைபை அக் குடும்பத்திற் பிறந்த பிள்ளை. 1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமப் பத்திரமின்றி எவரும் பயன்படுத்தலாமென்று திறந்துவிட்டது. 1997இல் அதற்கென முதற் பொதுவிதி வகுக்கப்பட்டது. வைபை என்னும் பெயர் 1999இல் வந்தது. இப் பிள்ளை தாயினும் பண்புடையது. பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும். வேறெவரும் பேசாதபோதே தான் பேசும். ஆயினும் அடிப்படை மாறவில்லை. ஒரு வகுப்பறையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள், மடிக்கணினி, தொலைக்காட்சி, விளையாட்டுப் பொறி யாவும் ஒரே வகுப்பில் இருக்கின்றன. அயல்வீட்டார் அதே வாய்க்காலைப் பயன்படுத்துவாராயின் அவர்களும் அதே வகுப்பினரே. நாம் அவர்தம் பேச்சைப் பொருள்கொள்ளாவிடினும், அவர் முடிக்கும் வரை காத்திருந்தே ஆகவேண்டும். சிதைந்த செய்தியை மறுபடியும் மறுபடியும் அனுப்பவும் வேண்டியுள்ளது. தூரத்திலுள்ள அறையிற் குரல் மெலியும்; மெலிந்தால் மெதுவாகப் பேச நேரும்; மெதுவாகப் பேசுபவன் வகுப்பு முழுவதையும் காக்க வைப்பான். பின்னறையில் அலை நன்கு எட்டாத ஒரு பொறி, முன்மண்டபத்தில் இருப்போரையும் தாமதப்படுத்துவது இவ்வாறே.

ஆகவே ரவுட்டர் என்று வழங்கும் பெட்டியை எங்கே வைப்பது என்பதே முதல் வினா. இழை இணைப்புத் தர வருபவர், வடம் வீட்டினுள் நுழையும் இடத்திற்கு அண்மையில், பெரும்பாலும் முன்விறாந்தை மூலையில், அதனைப் பொருத்திவிட்டுச் செல்வார். அவருக்கு அது எளிது. அதனால் அலையின் பாதி ஒழுங்கைக்குச் செல்கின்றது. ஒழுங்கையில் நிற்கும் பசுவுக்கு விளையாட்டுப் பொறி இல்லை. சற்று நீண்ட வடத்துக்குச் சிறு தொகை கூடுதலாகக் கொடுத்தேனும் பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆளுயரத்துக்கு மேலாக, திறந்த இடத்திற் கொண்டுவருதல் நன்று. அழகுக்காக அலுமாரியினுள்ளும், தொலைக்காட்சியின் பின்புறத்திலும் அதனை ஒளித்து வைப்போர் உளர். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப்பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றில் உலோகம் உண்டு. உலோகம் அலையைத் திருப்பிவிடும். நீர் அலையை விழுங்கும்; மீன்தொட்டியும் நீர்த்தாங்கியும் இடையில் வராதிருத்தல் நலம். கம்பி கட்டி ஊற்றிய கொங்கிறீற் தட்டு, அலை மேல்மாடிக்கு ஏறுவதைப் பெரிதும் தடுக்கும். பழைய நாற்சார் வீடுகளில் வாழ்வோர் பாக்கியசாலிகள். நடுமுற்றத்தை அண்டிய தாழ்வாரத்திற் பெட்டியை வைத்தால், முற்றத்து வெளியூடாக நாற்புறத்து அறைகளுக்கும் அலை செல்லும். நம் முன்னோர் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அமைத்தது இதற்கும் உதவுகின்றது. பெட்டியின் கொம்புகள் நெட்டெனச் செங்குத்தாக நிற்குமாயின் அலை பக்கவாட்டில் விரியும். ஒருதளமுள்ள வீட்டுக்கு அதுவே வேண்டுவது.

அடுத்து, எந்த மீடிறன்? இப்போதைய பெட்டிகள் பெரும்பாலும் இரண்டிற் பேசுகின்றன: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர், பின்னதன் அலைநீளம் அதிற் பாதிக்கும் சற்றுக் குறைவு. முன்னது சுவரைத் தாண்டி வெகுதூரம் செல்லும். ஆனால் சந்தைக்கூட்டம் அங்கேதான். புளூடூத் கருவிகள் அங்கே. உணவு சூடாக்கும் நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹேர்ட்ஸில் இயங்குவது. அம்மா அடுக்களையில் அதனை இயக்கியவுடன் அறையில் ஆட்டம் தடுமாறுமாயின் பேய் பிசாசு எதுவும் இல்லை. கசியும் சிறிதளவு அலையே காரணம். 2.4இல் நம் நாட்டிற் பயன்படும் வாய்க்கால்கள் 13. அவை ஒன்றன்மேலொன்று படிந்து கிடப்பதால் 1, 6, 11 என்னும் மூன்றே ஒன்றையொன்று தொடாதவை. அயலார் எதில் நிற்கின்றனர் என்பதைக் கைத்தொலைபேசியிற் கிடைக்கும் இலவசச் செயலியால் அறிந்து, மூன்றில் ஆளரவம் குறைந்ததைத் தெரிந்துகொள்ளலாம். 3, 8 என இடைநடுவே நிற்பது இருபக்கத்தாருக்கும் இடைஞ்சல். பின்னதாகிய 5 கிகாஹேர்ட்ஸோ கூட்டமற்ற அகன்ற வீதி. சுவரைக் கண்டால் மட்டும் சோர்ந்துவிடும். பொறியும் பெட்டியும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருப்பின் 5ஐயே கொள்க.

ஆனால் உங்கள் பொறிக்கு அந்த மொழி தெரியுமா என்று பார்த்தல் வேண்டும். கைமாறிக் கிடைக்கும் பழைய பொறிகளே நம்மவர் பலருக்குக் கட்டுபடியாவதால் இது முக்கியம். 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இன் முதல் வடிவத்தில் வைபை உள்ளே இல்லை. தனியாக ஒரு துணைக்கருவி வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 2010இல் வந்த மெலிந்த வடிவத்திலேயே அது உள்ளமைந்தது. 2013இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 எத்துணைத் திறன் வாய்ந்ததாயினும் 2.4 மட்டுமே அறியும். 2016இல் வந்த ஸ்லிம், புரோ என்னும் வடிவங்களே 5ஐயும் கற்றுக்கொண்டன. "பெட்டி புதியது, 5 கிகாஹேர்ட்ஸ் பெயர் கைத்தொலைபேசியில் தெரிகின்றது, பொறியில் மட்டும் தெரியவில்லை" என்று மனம் உடைந்தோர் பொறியின் பின்புறத்து இலக்கத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் இரண்டையும் அறியும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, வைபை 6 என்னும் தலைமுறையைச் சேர்ந்தது.

கம்பியில்லா இணைப்பைப் பற்றி இவ்வளவு எழுதிய பின், மிகச் சிறந்த வழி கம்பியே என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். உண்மை அதுவே. பொறியிலிருந்து பெட்டிக்கு ஒரு ஈதர்நெட் வடத்தைத் தொடுத்துவிட்டால், வகுப்பறைக் கூச்சலில் அதற்குப் பங்கில்லை. தனிப்பட்ட ஒரு குழாய் வழியே பேசுகின்றது. கற்றகரி 5ஈ என்று கேட்டால் கடையிற் கிடைக்கும் வடம், 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்ல வல்லது. அதன் விலை உயர்ந்த திட்டம் ஒன்றின் பல மாத மேலதிகக் கட்டணத்துக்கு முன் ஒரு பொருட்டன்று. ஓட்டுக்கூரையின் உட்புறம் வழியாகவோ, சுவரும் கூரையும் சேரும் விளிம்பு வழியாகவோ கொண்டுசென்றால் எவர் காலிலும் தடக்காது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் ஆகியவற்றில் இதற்கான துளை உண்டு. சுவிட்சைப் பொறுத்தவரை, 2021இல் வந்த ஓலெட் வடிவத்தின் தாங்கியில் அது உண்டு; அதற்கு முந்திய தாங்கிக்கு யூ.எஸ்.பி. துணைக்கருவி வேண்டும்.

வடத்தைப் பொறிவரை கொண்டுசெல்ல இயலாத வீட்டில், இயன்ற தூரம் கொண்டுசென்று அங்கே இரண்டாவது அலைப்பெட்டி ஒன்றை வைக்கலாம். சுவர்ச் சொருகியில் மாட்டும் மலிவான 'ரிப்பீட்டர்' பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமில்லை. அது ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதையே மீண்டும் அதே காற்றில் உரக்கச் சொல்கின்றது. ஒரு சொல்லுக்கு இரு தடவை இடம் பிடிக்கின்றது. அலைக்குறியீட்டிற் கோடுகள் நிறைந்து தெரியும். ஆட்டம் முன்னிலும் இழுபடும்.

கம்பியும் தொடுத்தாயிற்று, இன்னும் சில வேளைகளில் ஆட்டம் தடைப்படுகின்றது என்போருக்கு ஒரு வினா: அவ்வேளையில் வீட்டில் வேறெவரேனும் படமோ காணொளியோ வெளியே அனுப்புகின்றனரா? 2010இல் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது வீட்டின் இணைப்பு முழுவதும் திணறுவதைக் கண்டு, காரணத்தைத் தேடிச் சென்றார். பெட்டிகளைச் செய்வோர், ஒரு செய்தியும் தவறிப்போகலாகாது என்னும் நல்லெண்ணத்தால், காத்திருப்பு வரிசைக்கு அளவுக்கு மிஞ்சி இடம் ஒதுக்கிவிட்டனர். அண்ணனுடைய சிறு கடிதம், தங்கை அனுப்பும் நூறு மூட்டைகளின் பின்னே வரிசையில் நிற்கின்றது. கூட்டுறவுக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவன், மாதச் சாமான் வாங்குபவரின் பின்னால் நிற்பது போல. 2012இல் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்னும் இருவர், நெடுநேரம் தேங்கும் வரிசையைத் தானே கத்தரிக்கும் முறையொன்றை வகுத்தனர். அதனைத் தழுவிய ஒழுங்கு இப்போது சில ரவுட்டர்களில் உண்டு. அது இல்லாவிடில், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், வெளியே அனுப்பும் வேகத்தை இணைப்பின் மெய்யான வேகத்தில் நூற்றுக்கு 90 அளவிற்கு வரையறுக்கும் வசதி இருக்கின்றதா என்று பாருங்கள். பத்துப் பங்கு குறைத்தமையால் தேக்கம் பெட்டியின் ஆளுகைக்குள் வரும். எல்லார்க்கும் தாமதம் குறையும்.

இவ்விடத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகின்றேன். சில பெட்டிகளில் 'விளையாட்டுக்கு முதலிடம்' என்று ஒரு தெரிவு உண்டு. அதற்காகவே கொம்புகள் பல முளைத்து, செவ்வொளி வீசி, பெருவிலைக்கு விற்கப்படும் பெட்டிகளும் உள. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஒரே கைத்தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் கேட்டதை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். அவ்வாறான வீட்டில் பொறிக்கு முதலிடம் கொடுத்தால் அது யாருடைய இடத்தைப் பறித்துக் கொடுக்கப்படுகின்றது என்று கேட்க வேண்டும். தங்கை பரீட்சைக்கு மீட்டல் வகுப்புக் கேட்கும் வேளையில் முதலிடம் அவளுடையதே. வரிசை ஒழுங்காக நடக்குமாயின் இருவருக்கும் இடம் போதும் என்பதே மேலே சொன்ன முறைகளின் சிறப்பு.

இனிப் பூட்டைப் பற்றி. பழைய கைப்பொறிகளில் ஒன்றாகிய நின்டெண்டோ டீ.எஸ். 2004இல் வந்தது, கைமாறிய நிலையில் இன்றும் கிடைக்கின்றது. அதற்கென வந்த விளையாட்டுகளுக்கு வைபை பூட்டுகளில் 'வெப்' என்னும் பழைய பூட்டு மட்டுமே தெரியும். அப் பூட்டின் பலவீனம் 2001இலேயே அறிஞர் மூவராற் காட்டப்பட்டது. 2007இல் ஜெர்மனி ஆய்வாளர் அதனை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினர். ஒரு சிறுவனுடைய பொறிக்காக வீட்டின் பூட்டை வெப்புக்கு இறக்கினால், அம்மாவின் வங்கிக் கணக்குச் செல்லும் அதே வாசலும் திறந்துவிடுகின்றது. போதாக்குறைக்கு, அப்பொறிக்கான இணைய விளையாட்டுச் சேவையை நிறுவனமே 2014 மே 20ஆம் நாள் மூடிவிட்டது. திறப்பதாற் பயனுமில்லை. இரண்டு டீ.எஸ். பொறிகள் அருகருகே இருந்து தமக்குள் விளையாடுவதற்கு ரவுட்டரே வேண்டியதில்லை. பிள்ளைகள் அவ்வாறே விளையாடட்டும். மற்றெல்லாவற்றுக்கும் 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் பூட்டே குறைந்தளவாக இருத்தல் வேண்டும். 2018இல் வந்த மூன்றாவது பூட்டைப் பழைய பொறி ஏற்காவிடில் இரண்டும் கலந்த அமைப்பை வைக்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டு வரும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தோழர் கொண்டுவரும் பொறிகளுக்கு 'விருந்தினர்' வலையமைப்பு என்று தனியே ஒன்று திறக்கலாம். திண்ணையில் இருத்தி உபசரிப்பது போன்றது அது.

இன்னுமொரு தொல்லை உண்டு; அது அலையைச் சார்ந்ததன்று. ஆட்டம் ஓடும், ஆனால் குறிப்பிட்ட தோழனோடு சேர முடியாது, அவன் குரலும் கேளாது. பொறியில் இணைப்பைப் பரிசோதித்தால் 'நாட் வகை 3' என்றோ 'கடுமையானது' என்றோ காட்டும். உலக இணையத்தின் பழைய முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. 2011 பெப்ருவரியில் மையக் களஞ்சியம் வெறுமையாயிற்று. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு வெளிமுகவரியும், உள்ளே 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளுமாகப் பகிர்ந்து வாழ்கின்றோம். வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த அறைக்கு என்பதை ரவுட்டர் அறியாவிடில் வாசலிலேயே நிறுத்திவிடும். ரவுட்டரில் யூ.பி.என்.பி. என்னும் அமைப்பை இயக்கினால், பொறி தானே வாசற்காரனிடம் தன் பெயரைச் சொல்லிவைக்கும். நிறுவனம் தந்த பெட்டியின் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரையும் தொடுத்திருந்தால் வாசல்கள் இரண்டாகும். ஒன்றை வெறும் அலைப்பெட்டியாக மாற்றுதல் வேண்டும். அவ்வளவும் செய்து பயனில்லையெனின், ரவுட்டர் காட்டும் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களிலொன்றாகத் தொடங்குமாயின், நிறுவனமே பல வீடுகளை ஒரு முகவரியின் பின் நிறுத்தியிருக்கின்றது. அதற்கு வீட்டிற் பரிகாரமில்லை. நிறுவனத்தாரிடம் பொதுமுகவரி கேட்டுப் பார்க்கலாம்.

புதிய திட்டத்துக்கோ புதிய பெட்டிக்கோ பணம் கட்டுமுன், ஒரு மாலைப்பொழுதுக்கு நீண்ட வடமொன்றை எவரிடமேனும் இரவல் வாங்கி, நிலத்தில் அப்படியே நீட்டி, பொறியை நேரே ரவுட்டரோடு தொடுத்து விளையாடிப் பார்க்கும்படி மாணவர்க்குச் சொல்வேன். தடங்கல் மறைந்தால் குற்றம் வீட்டுக் காற்றில். பெட்டியின் இடத்தையும் வாய்க்காலையும் மாற்றுங்கள், அன்றேல் வடத்தை நிலையாக இழுத்துவிடுங்கள். வேறெவரும் இணைப்பைப் பயன்படுத்தாத வேளையிலும் தடங்கல் இருந்தால் மட்டும் நிறுவனத்தாரை அழையுங்கள். வடம் தொடுத்த நிலையில் எடுத்த அளவீடுகளை நேரத்தோடு குறித்து வைத்திருந்தால் அவர்களும் உங்கள் வைபையைக் குறைசொல்லி நழுவ இயலாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளில் மட்டும் இப்பரிசோதனை வேண்டாம். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் மின்சொருகியும் செப்பு வடமும் கடத்தும். வானம் இருளத் தொடங்கியதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.